நல்ல படம் ஒன்னு சொல்லு: லயத்துக்கு டெக் வந்த காலமும், வராமலே போன படங்களும்

வாரத்துக்கு மூன்று தடவையாவது இந்தக் கேள்வி நம்ம போனுக்கு வந்துவிடும்: "நல்ல படம் ஒன்னு சொல்லேன்." நாமும் யோசிக்காமல் ஒரு பேரைத் தட்டிவிடுவோம். அவங்க பத்து நிமிசம் பார்த்துட்டு, பிடிக்கலன்னா வேற ஒன்னுக்குத் தாவிருவாங்க. யாருக்கும் நட்டமில்லை.

போன மாசம் நாங்க நாலு பேர் ரிவர்ஸ்டனுக்குப் போயிருந்தோம். மாத்தளையில் பஸ் ஏறி, ரத்தோட்டை தாண்டி, வளைஞ்சு வளைஞ்சு ஏறுற பாதை. மேலே போனா காத்து ஆளையே தள்ளும். பனி வந்து மூடினா பக்கத்துல நிக்கிறவன் முகம் தெரியாது. உச்சியில் ஒரு தொலைத்தொடர்புக் கோபுரம் நிக்குது. அந்த இடத்தில் நின்னுக்கிட்டு இருக்கும்போது தங்கச்சியிடமிருந்து அதே கேள்வி வந்தது. நான் ஒரு படத்தின் பேரை அனுப்பிட்டு, இறங்கி வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மா சிரிச்சாங்க.

"ஒங்களுக்குப் படம் சொல்றது சும்மா வேல. எங்க காலத்துல தப்பான படத்தச் சொன்னவன் வருசக் கணக்குல பேச்சு வாங்கணும். ஒங்க மாமாவக் கேட்டுப் பாரு."

அம்மா பிறந்து வளர்ந்தது அந்த மலைக்குக் கீழே, ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். மாமாவைக் கேட்டேன். அவர் சொன்னதையும், அதை ஒட்டி நான் தேடிப் படித்ததையும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை. வீட்டில் பார்க்க எந்தப் படத்தை எடுப்பது, அதை யார் சொல்வது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கு. நம்ம மலையகத்தில் அந்த வரலாற்றுக்குள்ள ஒரு பெரிய ஓட்டையும் இருக்கு.

டெக் வருவதற்கு முன்னால்

இலங்கையில் முதல் தொலைக்காட்சி 1979 ஏப்ரலில் ஐடிஎன்னோடு தொடங்கியது. அது கொழும்பையும் அதைச் சுற்றியுள்ள இடங்களையும் தாண்டவில்லை. 1982 பெப்ரவரி 15ஆம் திகதி, ஜப்பான் உதவியோடு ரூபவாகினி வந்தது. பிதுருதலாகல மலையிலிருந்து அலை பாய்ந்த பிறகுதான் மலைநாட்டில் பெட்டி படம் காட்டத் தொடங்கியது. ஆனால் தமிழுக்கு ஒதுக்கிய நேரம் கொஞ்சம். தமிழ்ப் படம் போடுகிற நாளுக்கு எல்லாரும் காத்திருக்கணும்.

தியேட்டரிலும் நிலைமை பெரிசா வேற இல்லை. 1972 முதல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம்தான் வெளிநாட்டுப் படங்களை இறக்குமதி செய்தது, விநியோகித்தது. உள்ளூர்ச் சினிமாவைக் காப்பாத்தணும் என்பது அதன் நோக்கம். அதில் ஒரு நியாயமும் இருந்தது. அதனால் சென்னையில் ஓடி முடிந்து ரொம்ப நாளான படம்தான் மாத்தளைக்கு வரும். சம்பள நாளைக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமையில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துட்டு வருவாங்க.

இதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்குப் போகணும், 3,00,000 பேர் இங்கே இருக்கணும் என்று முடிவானது. தோட்டத்துக்குத் தோட்டம் குடும்பங்கள் பிரிந்தன. அண்ணன் கப்பல் ஏறினான், தம்பி இங்கேயே நின்றான். 1984இல் போர் காரணமாகத் தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பலும் நின்றுபோனது. அதுக்குப் பிறகு தங்களோட ஆளுங்க போய்ச் சேர்ந்த ஊர் எப்படி இருக்கும் என்று பார்க்க எங்க அம்மாயிக்கு இருந்த ஒரே வழி தமிழ்ப் படம்தான். கதாநாயகனை விட, அவன் நடந்துபோற வயலையும், பின்னால் தெரியிற கோயிலையும்தான் அம்மாயி உத்துப் பார்ப்பாங்களாம்.

ஐம்பது படத்தில் தொடங்கிய வியாபாரம்

வீட்டில் படம் பார்க்கும் கருவி உலகத்துக்கு வந்தது அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான். 1975இல் சோனி பீட்டாமேக்ஸைக் கொண்டுவந்தது. 1976இல் ஜேவிசி விஎச்எஸ்ஸை இறக்கியது. படங்களைக் கசெட்டில் போட்டு விற்கலாம் என்று முதலில் துணிந்தவர் அமெரிக்காவில் ஆந்த்ரே பிளே என்பவர். 1977இல் ட்வென்டியத் செஞ்சுரி பாக்ஸிடம் 50 படங்களுக்கு உரிமை வாங்கி வெளியிட்டார். அதே வருசம் லாஸ் ஏஞ்சல்ஸில் ஜார்ஜ் அட்கின்சன் என்பவர் அந்தக் கசெட்டுகளை வாடகைக்குக் கொடுக்க ஆரம்பித்தார். விற்பனையும் வாடகையும் ஒன்றாகத்தான் பிறந்தன என்று சொல்லலாம்.

ஆலிவுட் கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. பெட்டியில் பதிவு பண்ணுவதே திருட்டு என்று வழக்குப் போட்டார்கள். 1984 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில், ஒருத்தர் தன் வீட்டில் பிறகு பார்க்கிறதுக்காக ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்வது குற்றமில்லை என்று தீர்ப்புச் சொன்னது. ஒரே ஒரு நீதிபதி மாறியிருந்தால் கதை வேற மாதிரிப் போயிருக்கும். கடைசியில், எதிர்த்த கம்பெனிகளே கசெட்டில் நிறையச் சம்பாதித்தன.

இலங்கையில் 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டது. டிவியும் டெக்கும் கடைக்கு வந்தன. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் திரும்பி வரும்போது கொண்டுவந்தார்கள். டவுனில் வீடியோக் கடைகள் முளைத்தன. 1980களின் நடுப்பகுதியில் அந்த டெக் மலை ஏறி லயத்துக்கு வந்து சேர்ந்தது.

முருங்கைக்கா மாமா

நமக்கு ஒரு டெக் என்றால் ஒரு வீடு. அந்தக் காலத்தில் ஒரு டெக் என்றால் ஒரு தோட்டம். யாருக்கும் சொந்தமாக இல்லை. சடங்கு வீடு, கல்யாண வீடு, தீபாவளி, கோயில் திருவிழா என்று ஏதாவது வந்தால் டிவி, டெக் இரண்டையும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுப்பாங்க. நிறைய லயங்களில் கரண்ட் கிடையாது. கறுப்பு வெள்ளை டிவியைக் கார் பேட்டரியில் ஓட்டலாம். டெக்கும் கலர் டிவியும் சேர்த்து ஓட்ட ஜெனரேட்டர் வேணும், இல்லாட்டி பெக்டரியிலிருந்து வயர் இழுக்கணும். வாடகை, மண்ணெண்ணெய், தூக்கிட்டு வாறவங்க கூலி எல்லாத்தையும் வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்துப் போடுவாங்க.

அப்போ படத்தைத் தெரிவு செய்வது விளையாட்டு இல்லை. எண்பது, நூறு பேர், ஒரே ராத்திரி, மூனு கசெட். எங்க தோட்டத்தில் அந்தப் பொறுப்பு மாமாவிடம் இருந்தது. காலையில் பஸ் ஏறி மாத்தளைக்குப் போவார். கடைக்காரரோட ஒரு மணி நேரம் பேசுவார். மூனு கேள்வி கேட்பாராம்.

முதலாவது, பிரின்ட் எப்படி? கொப்பியிலிருந்து கொப்பி எடுத்து, அதிலிருந்து இன்னொரு கொப்பி எடுத்தா, ஒவ்வொரு தடவையும் கலர் கரையும், சத்தம் இரையும். மூனாவது கொப்பியில் நம்பியாரையும் அசோகனையும் பிரித்துப் பார்ப்பதே கஷ்டம் என்பார் மாமா. போதாததுக்குப் படத்துக்குக் கீழே விளம்பரம் வரிசையாக ஓடிக்கிட்டே இருக்கும்.

இரண்டாவது, முழுப் படமும் இருக்கா? நம்ம ஊரில் ஓடிய வழக்கமான கசெட் ஒன்றில் 180 நிமிசம்தான் பிடிக்கும். மூனு மணி நேரத்தை நெருங்கின பழைய படமென்றால் பதிவு செய்தவன் ஒரு பாட்டை வெட்டியிருப்பான். பெரும்பாலும் அது அம்மாயி காத்திருந்த பாட்டாகத்தான் இருக்கும்.

மூனாவது, யாரெல்லாம் இருந்து பாக்கலாம்?

இந்த மூனாவதில்தான் மாமா மாட்டினார். வழக்கம் என்னவென்றால், முதலில் சாமி படம். 'திருவிளையாடல்', 'ஆதி பராசக்தி' மாதிரி. அப்போதுதான் பெரியவங்க உட்காருவாங்க, பொம்பளைங்க அடுப்படி வேலையை முடிச்சிட்டு வருவாங்க. அடுத்தது குடும்பப் படம். 'பாசமலர்' போட்டால் அழுதுட்டுப் போய்ப் படுக்கிறவங்க படுப்பாங்க. கடைசியாக, விடியுற நேரத்தில், இளந்தாரிகளுக்கு 'முரட்டுக்காளை'. இந்த வரிசையை எந்தப் புத்தகத்திலும் யாரும் எழுதி வைக்கல. ஆனால் கூட்டத்தைப் பார்த்துப் பார்த்து உருவான ஒழுங்கு அது.

ஒரு சடங்கு வீட்டுக்கு மாமா நடுவில் போட்டது 'முந்தானை முடிச்சு'. 1983இல் வந்த பாக்யராஜ் படம். கடைக்காரர் "நல்ல குடும்பப் படம், குழந்தையெல்லாம் வருது" என்று கொடுத்திருக்கிறார். அதில் பொய்யும் இல்லை. முருங்கைக்காய் விசயம் வந்தபோது பெரியப்பா ஒருத்தர் தொண்டையைச் செருமிக்கிட்டு எழும்பிப் போனார். பிள்ளைகளைத் தூங்கச் சொன்னாங்க. இளந்தாரிகள் மட்டும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அன்றிலிருந்து மாமாவுக்கு "முருங்கைக்கா" என்று பேரே வந்துட்டு. அவருக்கு இப்போ 60 வயசு தாண்டிட்டு. இன்னும் அந்தப் பேர் போகல.

இதைச் சிரிப்புக்காக மட்டும் சொல்லல. அந்தக் காலத்திலேயே பத்திரிகைகளில் விமர்சனம் இருந்தது. ஆனந்த விகடன் மார்க் போடும். '16 வயதினிலே'க்கு 62.5 கொடுத்தது இன்னைக்கும் பேசப்படுது. அமெரிக்காவில் லெனர்ட் மால்ட்டின் என்பவர் டிவியில் வரும் படங்களுக்கென்றே 1969இல் ஒரு கையேடு போட்டார். அது வருசக்கணக்காகப் புதுப்பித்துப் புதுப்பித்து வந்தது. ஆனால் கசெட்டை எடுக்கப் போகிறவருக்குப் படம் நல்லதா என்பது மட்டும் போதாது. இந்தக் கொப்பி நல்லதா, இந்தக் கூட்டத்துக்கு ஏத்ததா என்றும் தெரியணும். மாமாவோட மூனு கேள்வியும் அதுதான். இன்றைக்கு உலகம் முழுக்க டிஸ்க் விமர்சனம் எழுதுகிறவர்கள் கேட்பதும் கிட்டத்தட்ட இதே கேள்விகள்தான்: எந்த மூலத்திலிருந்து எடுத்தது, வெட்டு இருக்கா, யாருக்குப் பரிந்துரைக்கலாம்?

கடையில் இல்லாத படம்

"சரி மாமா, நீங்க எடுக்கணும்னு நெனச்சு கிடைக்காம போன படம் எது?" என்று கேட்டேன். ரஜினி படம், கமல் படம் என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். யோசிக்காமல் சொன்னார்: "'புதிய காற்று'."

நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பேர் தெரியும்?

இலங்கையில் தமிழ்ப் படம் எடுக்க ஆரம்பித்தது 1960களில். 1962இல் 'சமுதாயம்'. 1963இல் 'தோட்டக்காரி'. பேரைப் பாருங்க, ஆரம்பத்திலேயே தோட்டம் வந்துவிட்டது. 1970களில் வரிசையாக வந்தன: 'குத்துவிளக்கு' 1972இல், 'கோமாளிகள்' 1976இல், 'வாடைக்காற்று' 1978இல். 1977இல் சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்துக்குப் போய் 'பொன்மணி'யைத் தமிழில் எடுத்தார். இந்த வரிசைக்கு நடுவில் மலையகத்துக்கென்று ஒருத்தர் நின்றார். தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன். 1975இல் 'புதிய காற்று', 1978இல் 'நான் உங்கள் தோழன்', 1981இல் 'நாடு போற்ற வாழ்க' என்று மூன்று படங்களைத் தயாரித்து நடித்தார். 'புதிய காற்று' தோட்டத் தொழிலாளர்களைப் பற்றியது. பின்னாளில் தம்பிஐயா தேவதாஸ் 'இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை' என்று ஒரு புத்தகமே எழுதுகிற அளவுக்கு இதற்கெல்லாம் ஒரு வரலாறு இருக்கு.

மாமா சின்னப் பையனாக இருக்கும்போது தாத்தாவோட தோளில் உட்கார்ந்து 'புதிய காற்று' பார்த்தாராம். "தெரையில கொழுந்துக் கூடையப் பாத்ததும் சனம் எழும்பி நின்னுட்டு. எம்ஜிஆருக்கு எழும்புன மாதிரி. நம்மளயும் படம் புடிப்பாங்களான்னு தாத்தா கேட்டுக்கிட்டே இருந்தாரு."

டெக் வந்த பிறகு ஒவ்வொரு தடவை மாத்தளைக்குப் போகும்போதும் மாமா அந்தப் படத்தைக் கேட்டார். கண்டியில் கேட்டார், கொழும்புக்குப் போன ஒருத்தரிடம் சொல்லிவிட்டார். ஒரு தடவைகூடக் கசெட் அவர் கைக்கு வரல. சென்னையில் எடுத்த நூற்றுக்கணக்கான படம் ரிவர்ஸ்டன் அடிவாரம் வரைக்கும் ஏறி வந்தது. பக்கத்து மலையில் வாழ்கிற சனத்தைப் பற்றின படம் அந்த லயத்துக்கு வந்து சேரல.

இதுக்கு ஒரு காரணம் சந்தை. பத்துப் பதினைந்து கடைக்காரர்கள் மட்டும் வாங்கக்கூடிய படத்தைக் கசெட்டில் போட யார் காசு போடுவா? இன்னொரு காரணம் 1983. யூலைக் கலவரத்தில் கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் கே. குணரத்தினத்துக்குச் சொந்தமான விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. அங்கே இருந்த படச்சுருள்களும் நெகட்டிவ்களும் நெருப்போடு போயின. சிங்களப் படங்களை இயக்கிய தமிழரான கே. வெங்கட் அந்த நாட்களில் கொல்லப்பட்டார். அந்த ஸ்டூடியோவில் உருவானது பெரும்பாலும் சிங்களச் சினிமா. தமிழர் மேல் வைத்த தீ, சிங்களச் சினிமாவின் ஞாபகத்தையும் சேர்த்துத்தான் எரித்தது. வீடியோ நாட்டுக்குள் பரவத் தொடங்கிய அதே நேரத்தில், வீடியோவில் போடவேண்டிய மூலப் பொருள் இப்படிச் சாம்பலானது.

நான் சொல்ல வாறது இதுதான். சிபாரிசு செய்கிறவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் அலமாரியில் இருக்கிறதைத்தான் சிபாரிசு செய்ய முடியும். தியேட்டரை விட்டு இறங்கின படத்துக்கு வீட்டுக்கு வரும் வழி கிடைக்கலன்னா, அதைப் பார்த்தவங்களோட அந்தப் படமும் போயிரும். நம்ம தலைமுறை எம்ஜிஆரை டிவியில், கசெட்டில், டிஸ்க்கில் பார்த்துப் பார்த்து ஞாபகம் வைத்திருக்கு. வி. பி. கணேசனை அப்படிப் பார்க்கல. எது நம்ம "கிளாசிக்" என்பதை ரசனை மட்டும் தீர்மானிக்கல. கொப்பி இருந்ததா இல்லையா என்பதும் தீர்மானித்திருக்கு.

இது நமக்கு மட்டும் நடந்ததும் இல்லை. தமிழ் பேசின முதல் படம் 1931இல் வந்த 'காளிதாஸ்'. இன்றைக்கு அதோட பிரதி ஒன்றுகூட இல்லை. நம்மைவிடப் பல மடங்கு பெரிய சென்னைச் சினிமாவே தன் முதல் பேச்சைத் தொலைத்துவிட்டது.

எரிந்ததைத் திரும்ப எடுத்தவர்கள்

ஆனால் எரிந்துபோனதோடு எல்லாம் முடிந்தது என்று விட்டுவிடத் தேவையில்லை. சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி', 'அபராஜிதோ', 'அபூர் சன்சார்' ஆகிய மூன்று படங்களின் நெகட்டிவ்கள் 1993இல் லண்டனில் ஒரு லேப் தீப்பிடித்தபோது கருகின. எஞ்சியதை அமெரிக்காவின் அகாடமி ஆவணக் காப்பகம் குப்பையில் போடாமல் எடுத்து வைத்தது. 20 வருசம் கழித்து, கிரைட்டீரியன் நிறுவனமும் அந்தக் காப்பகமும் சேர்ந்து இத்தாலியின் பொலோஞ்ஞாவில் உள்ள லேபில் அந்தச் சுருள்களை இளக வைத்து, கையால் ஒட்டிச் சரி செய்தார்கள். 'பதேர் பாஞ்சாலி'யில் சுமார் 40 சதவீதமும் 'அபராஜிதோ'வில் 60 சதவீதத்துக்கு மேலும் மூல நெகட்டிவிலிருந்தே மீண்டது. மிச்சத்தை வேறு நாடுகளில் இருந்த நல்ல பிரதிகளிலிருந்து எடுத்தார்கள். 2015இல் அது டிஸ்க்காக வெளிவந்தது.

நம்ம நாட்டிலும் நடக்குது. சுமித்திரா பீரிஸின் முதல் படமான 'கெஹெனு லமாய்' 1978இல் வந்தது. இந்தியாவின் ஃபில்ம் ஹெரிடேஜ் பவுண்டேசன் அதை மீட்டெடுத்து, 2025 மே மாதம் கான் விழாவின் கிளாசிக்ஸ் பிரிவில் காட்டினார்கள். 'பொன்மணி'க்குப் பின்னால் ஒரு வருசம் மட்டும் இளைய படம் அது. அதுக்கு முடியும் என்றால் அதே காலத்துத் தமிழ்ப் படங்களுக்கும் முடியணும். அதைக் கேட்கிற ஆட்கள் வேணும்.

ஐந்து படம், ஒரு டிஸ்க்

கசெட்டுக்குப் பிறகு வந்ததை நம்மில் பலர் நேரிலேயே பார்த்தவர்கள். விசிடியில் 74 நிமிசம்தான் பிடிக்கும் என்பதால் ஒரு தமிழ்ப் படம் இரண்டு டிஸ்க், சிலது மூன்று. சரியாகச் சண்டை வரும் இடத்தில் டிஸ்க் மாத்தணும். லண்டனிலிருந்து அய்ங்கரன் மாதிரி நிறுவனங்கள் புலம்பெயர்ந்தவர்களுக்காக ஒழுங்கான டிவிடி போட்டன. இந்தியாவில் 2007இல் மோசர் பேயர் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் இறக்கி, கள்ளக் கொப்பியோட விலையிலேயே நல்ல கொப்பி கொடுக்கலாம் என்று காட்டியது. 2015இல் இயக்குநர் சேரன் 'ஜே.கே எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தைத் தியேட்டருக்குக் காத்திருக்காமல் டிவிடியாகவே வீடுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அந்த வழி நிலைக்கல. ஆனால் சில வருசத்தில் ஓடிடி செய்ததை அவர் முன்னாடியே செய்ய நினைத்தார் என்பதை மறக்கக்கூடாது.

நம்ம டவுன்களில் ஓடியது வேற: ஐந்து படம் ஒரே டிஸ்க்கில். 4.7 ஜிபி டிஸ்க்கில் ஐந்து படம் திணித்தால் ஒன்றுக்கு ஒரு ஜிபிகூட இல்லை. முகமெல்லாம் சதுரம் சதுரமாகத் தெரியும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஒரு பக்கம் இருந்தது, கடை ஒரு பக்கம் இருந்தது. மாமா இதைக் குறையாகச் சொல்லல. வேற ஒன்னு சொன்னார். "அஞ்சு படம் ஒன்னா வந்த பொறகு எவனும் என்னக் கேக்கல." தெரிவு செய்யும் வேலையே போய்விட்டது. 2016 யூலையில் ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் கடைசி டெக்கைச் செய்து நிறுத்தியது. மாமாவோட உத்தியோகம் அதுக்கு ரொம்ப முன்னாடியே முடிந்திருந்தது.

சரி, என்ன பாக்கலாம்?

இவ்வளவும் சொல்லிட்டு ஒரு படமும் சொல்லாமல் போனால் தப்பு. மாமாவின் மூனு கேள்வியை வைத்தே சொல்கிறேன்.

'மேற்குத் தொடர்ச்சி மலை', 2018, லெனின் பாரதி. தேனிப் பக்கத்து மலையில் ஏலக்காய் மூட்டை சுமக்கும் ஒரு கூலித் தொழிலாளி, தனக்கென்று ஒரு துண்டுக் காணி வாங்க ஆசைப்படுகிறான். நக்கிள்ஸ் காட்டோரம் ஏலம் பறித்தவர்களின் பேரப்பிள்ளைகள், 7 பேர்ச் காணிக்காக இன்னும் பேசிக்கொண்டிருப்பவர்கள், இந்தப் படத்தைத் தனியாகப் பார்க்காதீங்க. வீட்டுப் பெரியவர்களோடு பாருங்க. அவங்க பேச ஆரம்பித்தால் படத்தை நிறுத்திட்டுக் கேளுங்க.

'பரதேசி', 2013, பாலா. பி. எச். டேனியல் எழுதிய 'ரெட் டீ' நாவலை, தமிழில் 'எரியும் பனிக்காடு' என்று வந்ததை, ஒட்டியது. தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் கட்டிக்கொண்டுபோன கதை. ரொம்பக் கனமான படம். சின்னப் பிள்ளைகளோட வேண்டாம்.

தொடர் வேணும் என்றால் 'மர்மதேசம்'. 1990களின் பிற்பகுதியில் சன் டிவியில் வந்தது. இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம். கவிதாலயாவே யூடியூபில் போட்டிருப்பதால் கொப்பியைப் பற்றிக் கவலையில்லை. 'விடாது கருப்பு' பகுதியிலிருந்து தொடங்குங்க. லைட்டை அணைக்க வேண்டாம்.

பழைய படம் எதை எடுத்தாலும் இரண்டு விசயத்தைப் பாருங்க. ஒன்று, சினிமாஸ்கோப் படமா? 1973இல் வந்த 'ராஜ ராஜ சோழன்'தான் தமிழின் முதல் சினிமாஸ்கோப். அந்த அகலப் படத்தைப் பழைய டிவிக்கு ஏத்த மாதிரி இரண்டு பக்கமும் வெட்டினால், படத்தில் பத்தில் நாலு பங்குக்கு மேலே போயிரும். நீங்க பார்ப்பது நடுவில் இருக்கும் மிச்சத்தைத்தான். இரண்டு, எத்தனை நிமிசம்? நம்ம ஊர்க் கசெட்டிலும் டிவிடியிலும் படம் செக்கனுக்கு 24க்குப் பதில் 25 பிரேம் ஓடும். அதனால் 150 நிமிசப் படம் 144 நிமிசத்தில் முடியும். அது வெட்டு இல்லை. 130 என்று காட்டினால்தான் ஒரு பாட்டோ ஒரு சண்டையோ எங்கேயோ போயிருக்கு.

கடைசியாக ஒரு சிபாரிசு, பார்க்கிறதுக்கு இல்லை, தேடுறதுக்கு. உங்க வீட்டு டிரங்குப் பெட்டியில், அலமாரிக்கு மேலே, பழைய கசெட் இருந்தால் எடுத்துப் பாருங்க. கல்யாணம், சடங்கு, தேர்த் திருவிழா, ரூபவாகினியிலிருந்து பதிவு பண்ணின தமிழ் நாடகம் எதுவாக இருந்தாலும் சரி. நம்ம மலையின் ஈரத்துக்கு நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருக்கும். பிடித்திருந்தால் அவசரப்பட்டு டெக்கில் போடாதீங்க. நாடாவும் கெடும், டெக்கும் கெடும். காய்ந்த இடத்தில், புத்தகம் மாதிரி நிமிர்த்தி வையுங்க. கசெட்டை டிஜிட்டலாக மாற்றத் தெரிந்தவரிடம் காட்டுங்க. மேலே ஒட்டியிருக்கும் துண்டில் என்ன எழுதியிருக்கு என்று ஒரு படம் எடுத்து வையுங்க. பழைய வீடியோக் கடை வைத்திருந்தவர் யாராவது உங்க டவுனில் இருந்தால் போய்ப் பேசுங்க. "இலங்கைத் தமிழ்ப் படம் எதாவது உங்கட கையில வந்துச்சா?" என்று கேளுங்க.

மாமா இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கார். போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, என் போனைக் காட்டி, "இதுல எல்லாம் இருக்குன்னு சொல்றீங்களே, 'புதிய காற்று' இருக்கா பாரு" என்றார். நான் தேடினேன். பாட்டு, நடனம், காத்தாடி என்று என்னென்னவோ வந்தது. அந்தப் படம் வரல. "பரவால்ல, தேடிக்கிட்டு இரு" என்று சொல்லிட்டுத் தேத்தண்ணி ஊத்தப் போனார்.

உங்களில் யார் கையிலாவது கிடைத்தால் முதலில் எங்களுக்குச் சொல்லுங்க. ஜெனரேட்டர் செலவை நாங்க பார்த்துக்கிறோம்.